நாளுக்கு 1,400 ரூபா ஏன் நிற்கவில்லை?

வாசகி ஒருவரின் கடிதம்:

"நாங்கள் கோண்டாவிலில் இருக்கிறோம். கணவர் மேசன். நான் வீட்டில் இருந்து தைக்கிறேன். மகன் அடுத்த வருடம் ஓ.எல். எடுக்கிறான், மகள் தரம் 7. மாமியும் எங்களோடுதான். கணவருக்கு மாதத்தில் 18 நாள் அளவில் வேலை இருக்கும். தன் கைச்செலவு போக நாளுக்கு 4,000 தருவார். என் தையலில் மாதம் 8,000 வரும். மோட்டார் சைக்கிள் லீசிங், ரியூசன், கரண்ட், ரீலோட், பெற்றோல், மாமியின் மருந்து எல்லாவற்றுக்கும் 37,000 போய்விடும். மிச்சக் காசை 30ஆல் பிரித்துப் பார்த்து, ஒரு நாளுக்கு 1,400 ரூபாவுக்கு மேல் செலவழிப்பதில்லை என்று தைப்பொங்கலோடு முடிவெடுத்தேன். இன்றுவரை ஒரு மாதம்கூட அது நிற்கவில்லை. ஒரு நாள் உடைந்தால் மனம் விட்டுப் போகிறது, பிறகு கணக்கும் எழுதுவதில்லை. கடைக் கொப்பியில் கடன் 27,000 ஆகிவிட்டது. 'உமக்குக் காசு பிடிக்கத் தெரியாது' என்கிறார் கணவர். வாரக் கடன் ஒன்று எடுத்துக் கடைக் கடனை அடைக்கலாமா என்றும் யோசிக்கிறேன். யூன் மாதம் மட்டும் 30 நாளும் விடாமல் எழுதினேன். அந்தப் பக்கங்களையும் அனுப்புகிறேன். எனக்குத்தான் கட்டுப்பாடு இல்லையா?"

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த 30 பக்கங்களை நாலைந்து தடவை படித்தேன். வங்கியில் கடன் பகுதியில் 22 வருடம் இருந்து எத்தனையோ பேருடைய கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். தேங்காய் இரண்டு, பாண், பிள்ளைகளுக்குப் பணிஸ், கடுகு ஒரு பைக்கற் என்று ஒன்றும் விடாமல் எழுதுகிறவர்கள் குறைவு. உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று அந்தக் கொப்பியைப் பார்த்த எவரும் சொல்லமாட்டார்கள். உங்கள் கணவருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

இனி, பிழை எங்கே என்று பார்ப்போம். 1,400ஐத் தாண்டிய 12 நாட்களையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருக்கிறீர்கள். மற்ற 18 நாட்களுக்கும் ஒரு சரி அடையாளம் போட்டிருக்கிறீர்கள். நானும் முதலில் சிவப்பு வட்டங்களுக்குத்தான் போனேன். அந்த 12 நாளில் 9 நாட்களில் என்ன நடந்திருக்கிறது? ஒரு நாள் அரிசி மூட்டை. ஒரு நாள் காஸ். இரண்டு நாள் பலசரக்கு. மகனின் சைக்கிளுக்கு ரயர். மகளுக்குச் சப்பாத்து. மோட்டார் சைக்கிள் சேர்விஸ். ஒரு சாமத்தியவீடு, ஓர் அந்தியேட்டி. இவற்றில் எதை நீங்கள் வாங்காமல், எதற்குப் போகாமல் இருந்திருக்கலாம்? ஒன்றையும் இல்லை. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் அரிசி மூட்டை வாங்கிய நாளை உடைந்த நாள் என்று எழுதிவிட்டு மனம் நொந்திருக்கிறீர்கள். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

இந்த ஒன்பது நாள் சாமான்களையும் தனியே கூட்டினேன். 25,000 ரூபா வருகிறது. அடுத்த மாதம் காஸ் வராது, சப்பாத்து வராது. ஆனால் வேறொன்று வரும். பள்ளிக்கூடத்தில் காசு கேட்பார்கள், நீர்ப்பம்பி பழுதாகும், ஆவணி பிறந்தால் கலியாண வீடுகள் வரிசையாக வரும். ஆகவே மாதம் 25,000 என்பதை உங்கள் வீட்டின் நிலையான செலவாகவே எடுங்கள். உங்களிடம் வருவது 80,000. கட்டவேண்டியது 37,000. மிச்சம் 43,000. அதில் இந்த 25,000 போனால் 18,000. அதை 30ஆல் பிரித்தால் நாளுக்கு 600 ரூபா.

உங்கள் உண்மையான நாட்காசு 600. 1,400 என்பது ஒருநாளும் உங்கள் கையில் இருக்கவில்லை.

இப்போது அந்த 18 சரி அடையாளங்களுக்கு வாருங்கள். அந்த நாட்களில் சராசரியாக 950 ரூபா போயிருக்கிறது. 1,400க்குள் நின்றதால் நிம்மதியாகப் படுத்திருக்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் 350 ரூபா கூடப் போயிருக்கிறது. 18 நாளுக்கு 6,300. மிச்ச மூன்று சிவப்பு நாட்கள் இருக்கின்றனவே, பிள்ளைகளோடு நல்லூரடிக்குப் போய் ஐஸ்கிரீம் குடித்த நாள், தங்கச்சி குடும்பம் வந்து கோழி வாங்கிய நாள், வாசலுக்கு வந்தவரிடம் சட்டைத் துணி எடுத்த நாள், அந்த மூன்றிலும் சேர்த்து வீணாகக் கூடியது வெறும் 2,700. இரண்டையும் கூட்டினால் 9,000. யூன் மாதம் கடைக் கொப்பியில் ஏறியதும் அதே 9,000. உங்களைக் கடனில் விட்டவை நீங்கள் சரி போட்ட நாட்கள்தான். மூன்று மாதம் இப்படிப் போனால் 27,000 வந்துவிடும்.

ஏன் இப்படி நடந்தது என்பதும் கொப்பியிலேயே இருக்கிறது. பல நாட்களில் மத்தியானம் வரை 700, 800 தான். பின்னேரம் கடைக்குப் போகும்போது "இன்னும் 600 இருக்குதே" என்ற எண்ணம் வந்திருக்கும். பற்றிஸ் நாலு, சோடா ஒன்று, ஒரு பிஸ்கட் பைக்கற். அந்த நேரத்தில் அது பிழையாகத் தெரியாது. அந்த 600 வரப்போகிற அரிசி மூட்டையின் காசு என்று கடைவாசலில் நிற்கிற எவருக்கும் ஞாபகம் வராது.

600 என்றதும் நெஞ்சு பதறும், தெரியும். ஆனால் இந்த 600இல் அரிசி இல்லை, மா இல்லை, பருப்பு, சீனி, எண்ணெய், தூள், சவர்க்காரம் ஒன்றும் இல்லை. எல்லாம் அந்த 25,000இல் வந்துவிட்டன. மரக்கறி, மீன், தேங்காய், பாண், முட்டை, பிள்ளைகளின் சிறு செலவு, இவ்வளவுதான் 600. இறுக்கம்தான், மறைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் மீன் வராது. உங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய உதவி. இரண்டு நாள் மீன், இரண்டு நாள் முட்டை, ஒரு நாள் கருவாடு அல்லது நெத்தலி என்று வைத்தால் வாரம் ஓடும். சமையலில் எப்படி மிச்சம் பிடிப்பது என்று கோண்டாவில் வளவில் முருங்கை நிற்கிற வீட்டுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: மரக்கறியை மூலைக்கடையில் பின்னேரம் வாங்காமல், வாரத்தில் இரண்டு காலை திருநெல்வேலிச் சந்தைக்குப் போங்கள். விலை குறைவு என்பது ஒரு காரணம். கடன் கொப்பி அங்கே இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாமி "500 ரூபாவோடு போனால் முந்தி பை நிறைய வரும்" என்று சொல்வதை வேதனையோடு எழுதியிருக்கிறீர்கள். மாமி பொய் சொல்லவில்லை. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் 70 வீதத்தைத் தொட்டது. பிறகு அந்த வேகம் குறைந்தது என்று செய்தியில் சொன்னார்கள். வேகம் குறைந்தால் சாமான் பழைய விலைக்கு வந்துவிடாது, ஏறிய இடத்திலேயே நிற்கும். 2024 சனவரியில் வற் வரி 18 வீதமானது, அதுவரை விலக்கு இருந்த காஸுக்கும் பெற்றோலுக்கும் சேர்த்துத்தான். சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. நம் எல்லோருடைய மனக்கணக்கும் இன்னும் பழைய விலையில் கிடக்கிறது. ஆகையால்தான் கடையில் நிற்கும்போது "இவ்வளவு வராதே" என்று மனம் சொல்கிறது, பில்லில் வேறொன்று வருகிறது. இதில் உங்கள் கெட்டித்தனத்தில் ஒரு குறையும் இல்லை.

சரி, செய்யவேண்டியது என்ன? நாள் கணக்கை விடுங்கள், வாரக் கணக்கை எடுங்கள். கணவருக்குச் சனிக்கிழமைதானே சம்பளம். சனி இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு பேரும் மேசையில் இருந்து மூன்று உறையில் காசைப் பிரித்து வையுங்கள். 37,000ஐ நாலாகப் பிரித்தால் 9,250. அது லீசிங் முதலான கட்டுமதிகளுக்கு. 25,000ஐ நாலாகப் பிரித்தால் 6,250. இதற்கு மூட்டைக்காசு என்று பெயர் எழுதுங்கள். மூன்றாவது உறை சமையல், 4,200. மாதத்தில் ஐந்தாவது சனிக்கிழமை வந்தால் அந்த வாரம் சமையல் உறை மட்டும் போதும், மற்ற இரண்டும் நிறைந்திருக்கும்.

எங்கள் வீட்டில் அம்மா உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போடுவார். பிடியரிசி. சமைத்த பிறகு மிஞ்சியதை எடுத்து வைப்போம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை, மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும். மூட்டைக்காசையும் அப்படித்தான் முதலில் எடுக்க வேண்டும். அரிசி வாங்கும் நாளில் அந்த உறையைத் திறங்கள், சமையல் உறையைத் தொடாதீர்கள். அப்புறம் அரிசி வாங்கிய நாளுக்குச் சிவப்பு வட்டம் வராது.

சமையல் உறையில் 4,200 என்றேன். அதில் 200 ரூபாவை உங்களுக்கென்று எடுத்து வையுங்கள். அதற்குக் கணக்கு எழுதவேண்டாம், யாரும் கேட்கவும் கூடாது. கணவர் தன் கைச்செலவை எடுத்துவிட்டுத்தான் தருகிறார், அது நியாயம், வெயிலில் நின்று வேலை செய்கிறவர் தேத்தண்ணி குடிக்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் 30 பக்கத்தில் உங்களுக்கென்று வாங்கியது அந்தச் சட்டைத் துணி ஒன்றுதான், அதையும் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறீர்கள். சமைக்கிறவர், தைக்கிறவர், கணக்கு எழுதுகிறவர் மூன்றும் நீங்களே. உங்களுக்கு ஒரு சதமும் இல்லாத கணக்கு நெடுநாள் நிற்காது.

ஒரு நாள் கூடிப்போனால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை விருந்தாளி வந்து 1,100 போய்விட்டது என்று வையுங்கள். அன்றிரவு உறையை எடுத்து மிச்சத்தை எண்ணுங்கள். ஞாயிறு 500 போயிருந்தால், 4,000இல் மிச்சம் 2,400. சனி வரை ஐந்து நாள். நாளுக்கு 480. அவ்வளவுதான், புது எண்ணை உறையின் மேல் எழுதிவிட்டுப் படுங்கள். செவ்வாயே முழுவதையும் பிடித்துவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொதியும் சோறும் மட்டும் போடாதீர்கள். புதன்கிழமை அது இரண்டு மடங்காகத் திரும்பி வரும், இதை நிறைய வீடுகளில் பார்த்துவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி நாட்களாக இருப்பதால் வாரம் தானாகவே ஓரளவு சமப்படும். எப்படிப் பார்த்தாலும் சனிக்கிழமை புது உறை வருகிறது. ஆறு நாளுக்குமேல் ஒரு பிழையைச் சுமக்கவேண்டியதில்லை. மாதக் கணக்கில் 8ஆம் திகதி உடைந்தால் 22 நாள் அந்தக் குற்றத்தோடு இருக்கவேண்டும், அதனால்தான் கொப்பியை மூடி வைத்திருக்கிறீர்கள்.

கொப்பியில் ஒவ்வொரு சாமானையும் எழுதுவதையும் நிறுத்தலாம். யூன் மாதம் எழுதியது போதும், அது தன் வேலையைச் செய்துவிட்டது. இரவில் உறையில் மிச்சம் எவ்வளவு என்ற ஓர் எண் மட்டும் எழுதுங்கள்.

இனிக் கடைக் கடன். தயவுசெய்து வாரக் கடன் எடுக்காதீர்கள். இதை நான் மன்றாடியே கேட்கிறேன். கடைக்காரர் உங்களிடம் வட்டி கேட்கவில்லை. வாரக் கடன்காரர் வட்டியோடு ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில் வாசலில் நிற்பார், அன்றைக்குக் கணவருக்கு வேலை இருந்ததா இல்லையா என்று பார்க்கமாட்டார். முதல் கடனைக் கட்ட இரண்டாவது, இரண்டாவதைக் கட்ட மூன்றாவது என்று போன பெண்களை வடக்கில் எல்லாக் கிராமத்திலும் காணலாம். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்த அளவுக்கு அது குடும்பங்களை உருக்கியிருந்தது. வட்டியில்லாத கடனை வட்டிக் கடனாக மாற்றுவதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

கடைக்காரரிடம் நேரே போங்கள். "அண்ணை, இந்த 27,000க்குக் கீழே ஒரு கோடு கீறுங்கோ. இனி நான் காசு குடுத்துத்தான் சாமான் வாங்குவன். பழையதுக்கு மாதம் 3,000 தாறன்" என்று சொல்லுங்கள். ஒன்பது மாதத்தில் முடியும். கொடுக்கிறவர் வாய்திறந்து ஒரு கணக்குச் சொன்னால் நம் ஊர்க் கடைக்காரர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒளிந்து திரிகிறவர்களில்தான் அவர்களுக்குக் கோபம்.

மாதம் அந்த 3,000 எங்கே இருந்து வரும்? உங்கள் 37,000இல் இருந்துதான். ரீலோட்டுக்கு மட்டும் 3,500 போகிறது, மூன்று போனுக்கும் தனித்தனி டேட்டா. மாமியின் போனுக்கு டேட்டா எதற்கு? அதில் 1,000 குறைக்கலாம். மகன் கணக்குப் பாடத்துக்கு இரண்டு இடத்தில் ரியூசன் எடுக்கிறான். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம்தான், யாழ்ப்பாணத்தில் ரியூசனில் கைவைப்பதென்றால் பிள்ளையின் எதிர்காலத்தில் கைவைப்பதுபோல எல்லோரும் பார்ப்பார்கள். இருந்தாலும் மகனைக் கூப்பிட்டுக் கேளுங்கள், எந்த இடம் விளங்குகிறது என்று அவனே சொல்வான். ஒன்றை விட்டால் 2,000. அந்தப் பின்னேரங்களில் அவனுக்குத் தானே இருந்து கணக்குச் செய்து பார்க்க நேரமும் கிடைக்கும். கரண்ட் பில்லையும் பாருங்கள். 66, 71 என்று வந்திருக்கிறது. மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் தாண்டிய யூனிற்றுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் 60க்கும் வேறு விலை வந்துவிடுகிறது, நிலையான கட்டணமும் ஏறுகிறது. ஸ்திரிக்கைப் பெட்டியை வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் போட்டாலும் சில யூனிற்றுகளைக் குறைக்கலாம்.

கடைசியாக மழை. போன வருடம் ஐப்பசியில் கணவர் 11 நாள்தான் வேலைக்குப் போனார் என்று ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான். 18 நாளுக்கும் 11 நாளுக்கும் இடையில் 28,000 ரூபா வித்தியாசம். பற்றிஸை நிறுத்தி அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. நம் பக்கத்து மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து முடிகிறது. எந்த மேசன் வீட்டுக்கும் இது தெரியாத விடயம் இல்லை, ஆனால் கணக்கில் எழுதுகிறவர்கள் குறைவு. இப்போது வெயில் காலம், வேலை நிறைய. சில மாதங்களில் 21, 22 நாள் வேலை வருகிறது என்கிறீர்கள். ஒரு விதி வையுங்கள்: மாதத்தில் 18 நாள் சம்பளம்தான் எங்கள் காசு. 19ஆவது நாளில் இருந்து வருவது மழைக்காசு. அதை வீட்டில் வைக்காதீர்கள், நல்லூர்த் திருவிழா 25 நாளும் தாண்டி அது வீட்டில் தங்காது. உங்கள் பெயரில் வங்கியிலோ, ஊரில் உள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரு புத்தகம் திறந்து, காசு வந்த திங்கட்கிழமையே போட்டுவிடுங்கள். மூன்று மாதத்தில் பத்து நாள் சம்பளம் சேர்ந்தால் 40,000. இரண்டு மழை மாதத்தைத் தாங்க அது போதாமல் போகலாம், ஆனால் காப்பைக் கொண்டு அடகுக்குப் போகும் நாளைத் தள்ளிவைக்கும்.

கணவரோடு பேசும்போது யூன் மாதக் கொப்பியைக் காட்டிப் பேசுங்கள். 600 என்ற எண்ணை அவரே பிரித்துப் பார்க்கட்டும், கல்லும் சீமெந்தும் கணக்குப் பார்க்கிறவருக்கு இது உடனே விளங்கும். உறைகளில் காசைப் போடுவதும் அவர் கையாலேயே நடக்கட்டும்.

எட்டுச் சனிக்கிழமை முடிந்ததும் உறைகளின் மேல் எழுதிய எண்களை அப்படியே ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். கூடிய வாரம், குறைந்த வாரம் எல்லாம் வேண்டும். 4,200ஐ மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.